உங்களுக்குத் தெரியுமா? புகையிலை வயலில் ராஜ்மா!

கென்யாவின் மிகோரி பகுதியில், காலங்காலமாகப் புகையிலை போட்டுவந்த விவசாயிகள் பலர் இன்று ராஜ்மா இனத்தைச் சேர்ந்த பயறு விளைவிக்கிறார்கள். சாதாரணப் பயறு அல்ல. இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய ரகம்.

புகையிலையை விட்டு விலகுவது லேசான காரியமில்லை. வாங்கும் நிறுவனமே விதையும் உரமும் கடனாகக் கொடுக்கும். இலைக்கு விலை போடும்போது அதைக் கழித்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது சொற்பம். உடம்பும் கெடுகிறது. ஈர இலையைத் தொட்டால் நிகோட்டின் தோல் வழியே இறங்கும்; ஒரே நாளில் 50 சிகரெட்டுக்குச் சமமான அளவு ஏறலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயலில் கூடமாட உதவும் பிள்ளைகளையும் இது விடுவதில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

2022-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு அமைப்புகளும் கென்ய அரசுடன் சேர்ந்து விதையும் பயிற்சியும் தந்தன. அதைவிடப் பெரிய உதவி, விளைந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது: உலக உணவுத் திட்டமே கொள்முதலுக்கு முன்வந்தது.

144 விவசாயிகளுடன் தொடங்கிய முயற்சியில் அடுத்த பருவத்திலேயே 330 பேர். பிறகு ஜாம்பியாவிலும் இத்திட்டம் வேர்விட்டது.