பிள்ளை கேட்கிற கேமிங் லப்டொப் தேவைதானா?

"படிப்புக்கு எண்டுதான் கேட்கிறான், கடன்பட்டாவது வாங்கிக் குடுக்கலாமோ?" என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கிறார்கள்.

கலர் லைட் மின்னுகிற கேமிங் லப்டொப்பில் கூடிய காசு போவது கிராபிக்ஸ் கார்ட்டுக்கு. கட்டுரை எழுத அது தேவையில்லை. (நானும் ரீச்சராக இருந்தனான். எழுதுவது பிள்ளை, லைட் அல்ல.) பாரமும் கூட, பற்றரியும் கெதியில் இறங்கிவிடும். வீடியோ எடிட்டிங், 3டி வரைதல் படிக்கிற பிள்ளை என்றால் கதை வேறு.

வீட்டுப்பாடத்துக்கு 8 ஜிபி றாமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளம். கடையில் திருத்தி விற்கிற பழையதே போதும். ஆனால் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. குரோம்புக் என்றால் அப்டேற் எந்த ஆண்டுவரை வரும் என்று பாருங்கள்.

கிழமைக்கிழமை காசு கட்டி எடுக்கிற கடைகளில்தான் கூடிய கவனம் வேண்டும். பிரித்தானியாவில் 2019 முதல் இதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பே பொருளின் விலையளவு! 400 பவுண் லப்டொப்புக்கு 800 பவுண்வரை கட்டவேண்டி வரலாம்.

அதற்கு முதல், பள்ளிக்கூடத்தில் இரவலாகத் தருவார்களா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கடையில் வாங்கியது பழுதென்றால், பழைய சாமானாக இருந்தாலும், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை. ரசீதை எறிந்துவிடாதீர்கள்.