ஒன்றேகால் விநாடி

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறாராம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். மற்ற நாட்களிலெல்லாம் கலகலவென்று பேசுகிறவர், வருஷந்தோறும் தை மாதம் பாதி கழிந்து, வாசலில் பனி முழங்காலளவு குவிந்து கிடக்கும் நாட்களில் மட்டும், "நார்வுட்" என்று ஒரு பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறாராம். விசாரித்ததில், முப்பது வருஷங்களுக்கும் முன்பு ஒரு பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தத் தவறிய ஆட்டக்காரர்தான் நார்வுட் என்று தெரிந்ததாம். "அசையாமல் நிற்கிற பந்து, கம்பங்களுக்கு நடுவே நின்று தடுக்க ஒரு கோல்கீப்பர்கூடக் கிடையாது, உதைப்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வேலையும் இல்லை. இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது?" என்பது அம்மையாரின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் உள்ள மூன்று கூற்றுகளில் முதல் கூற்றே பிழையானது என்பதையும், அந்தப் பிழையிலேதான் இந்த வித்தையின் விசித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி, அதாவது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பதினொருவர் எதிரிலுள்ள பதினொருவரை முட்டித் தள்ளிக்கொண்டு பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டத்தைப் பற்றி, நான் விஸ்தரிக்கப் போவதில்லை. சினிமாவிலாவது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஓடி முன்னேற முடியாத அணி, பந்தைத் தரையில் ஊன்றி உதைத்து, மைதானத்தின் கடைக்கோட்டில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகச் செலுத்தினால் அதற்கு மூன்று புள்ளிகள். குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 10 அடி உயரம். கம்பங்களுக்கிடையே உள்ள அகலம் பதினெட்டரை அடி. பதினெட்டரை அடி என்றால் விசாலமாகத்தான் தோன்றும்; நம் பழைய வீடுகளின் கூடம் அவ்வளவு இராது. ஆனால் 47 கெஜ தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அந்த இடைவெளி எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நாலு பாகைக்குச் சற்றுக் குறைவாகத்தான் பந்து விலகலாம். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிஷத்தில் ஆறு பாகை நகர்கிறது. அந்த ஒரு நிமிஷ நகர்வுகூட இந்த மனிதனுக்கு அனுமதிக்கப்படவில்லை.

இனி, அசையாமல் நிற்கிற பந்து என்று அம்மையார் சொன்னாரே, அதைப் பார்ப்போம். அந்தப் பந்து நிற்பதே இல்லை. உதைப்பதற்குக் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு முன்புவரை அது காற்றில் பறந்துகொண்டிருக்கிறது. ஏழெட்டுக் கெஜம் முன்னால், எதிரிகளின் மூச்சு முகத்தில் படும்படி குனிந்து நிற்கும் ஸ்னாப்பர் என்பவர், தம் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னோக்கி அம்புபோல் எறிகிறார். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கும் ஹோல்டர் என்பவர் அதை இரு கைகளாலும் பற்றி, குறித்த இடத்தில் முனை பதியும்படி ஊன்றி, மேல்முனையை ஒரு விரலால் தாங்குகிறார். அவர் ஊன்றுவதற்கு முன்பே உதைப்பவர், அதாவது கிக்கர், ஓடிவரத் தொடங்கிவிடுகிறார். குறித்த இடத்தில் பந்து வந்து சேரும் என்ற விசுவாசத்தைத் தவிர அப்போது அவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. பந்து ஸ்னாப்பரின் கையை விட்டது முதல் கிக்கரின் காலை விட்டுக் கிளம்புவது வரையில் ஆகும் காலம் சுமார் ஒன்றேகால் விநாடி. அதற்குமேல் தாமதித்தால், பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வரும் எதிரி கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவான்.

இந்த ஒன்றேகால் விநாடிக்குள் நடக்கிற ஒரு காரியம்தான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. இந்த ஆட்டத்தின் பந்து உருண்டையல்ல. இரு முனையும் கூர்ந்து, சுமார் 11 அங்குல நீளமுள்ள தோல் பந்து. அதன் ஒரு புறத்தில் மட்டும் செருப்புத் தைத்தாற்போல் வெள்ளை நாடாவால் தையல் போட்டிருக்கும். இதை லேஸ் என்பார்கள். இந்த லேஸ் கிக்கரை நோக்கியிருந்தால், காலின் மேற்புறம் வழவழப்பான தோலில் படுவதற்குப் பதில் முண்டும் முடிச்சுமான தையலில் பட்டு, பந்து எப்படிக் கிளம்பும் என்பது நிச்சயமில்லாமல் போகும். பக்கவாட்டில் இருந்தால் பறக்கும்போது பந்து ஒரு பக்கமாக ஒதுங்கும் என்று கிக்கர்கள் சொல்கிறார்கள். ஆகவே லேஸ் கம்பங்களைப் பார்த்திருக்க வேண்டும். பறந்துவரும் பந்து சுழன்றுகொண்டே வருகிறது; பிடித்து ஊன்றுவதற்குள் அதைத் திருப்பிச் சரிசெய்ய ஹோல்டருக்கு அவகாசம் ஏது? திருப்பவும் செய்கிறார், விரல் நுனியால், சொற்பமாக. ஆனால் தேர்ந்த ஸ்னாப்பர் அதற்கும் இடம் வைப்பதில்லை. தம் கையின் வேகத்துக்கு அந்த ஏழெட்டுக் கெஜத்தில் பந்து எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதை அளந்துவைத்துக்கொண்டு, முடியும்போது லேஸ் தானே முன்பக்கம் பார்த்து நிற்கும்படி, தொடக்கத்திலேயே பந்தைப் பிடிக்கும் பிடியை ஒரு நூலளவு மாற்றிக்கொள்கிறார். தலைகீழாகக் குனிந்துகொண்டு, அடுத்த க்ஷணமே தம்மேல் வந்து மோதப்போகும் பயில்வான்களை அறிந்தும், சுழற்சியைக் கணக்கிட்டு எறிகிற இந்த மனிதரின் பெயர் அரங்கத்தில் நிறைந்திருக்கும் எழுபதாயிரம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹோல்டரின் வேலை எளிது என்றும் நினைக்க வேண்டாம். 2007 ஜனவரியில், டல்லஸ் அணியின் பிரதான ஆட்டக்காரரான டோனி ரோமோ, தாமே ஹோல்டராக உட்கார்ந்திருந்தவர், வெறும் 19 கெஜ உதைக்காக வந்த பந்தைக் கைநழுவவிட்டார். அணி ஒரே புள்ளியில் தோற்று வீடு திரும்பியது. பந்தைப் பிடித்துப் பழகிய கைகள்தாம் அவை.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் ஞாபகம் வருகிறது. நான்கு வீதியிலும் ஆயிரம் பேர் வடம் பிடிக்க, மேளமும் வாணமும் முழங்க, எல்லாருடைய கண்ணும் மேலே அலங்காரத்தில் பதிந்திருக்கும்போது, அவர் ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடப்பார். தேர் முனை திரும்பும் நேரத்தில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். ஒரு விநாடி முந்தினால் தேர் திரும்பாது, பிந்தினால் கை மிஞ்சாது. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருஷம் தேர் தெற்கு வீதி முனையில் ஒதுங்கி ஒரு வீட்டின் தாழ்வாரத்தை இடித்துவிட்டது. நிறுத்தச் சொல்லித் தாளம் மாறியதைக் கவனியாமல் வடம் பிடித்தவர்கள் இழுத்ததே காரணம் என்று என் பாட்டனார் சொல்வார். ஊர் முழுவதும் கட்டை போட்டவரையே ஏசியது. இருபது வருஷம் தேரைச் சரியாகத் திருப்பியதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. மறுவருஷம் அவர் வரவில்லை.

உதைக்கும் முறையின் சரித்திரத்தையும் இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆதியில் எல்லாரும் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால்தான் உதைத்தார்கள். 1956 புரட்சிக்குப்பின் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளையான பீட் கோகலாக், 1964இல் பஃபலோ அணியில் சேர்ந்து, தம் நாட்டுச் சிறுவர்கள் கால்பந்தை உதைப்பதுபோல் பக்கவாட்டிலிருந்து வந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைத்தார். பனிச்சறுக்கில் தேர்ச்சிபெற்று அதற்கான உதவித்தொகையில் மான்டானாவுக்குப் படிக்க வந்த நார்வேக்காரர் யான் ஸ்டெனெருட் அவ்வழியே வந்து, உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களில் முதல்வராக 1991இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். விரல் நுனியைவிடப் பாதத்தின் அகன்ற பரப்புப் பந்தோடு நன்றாகப் பொருந்துகிறது. இடுப்பின் சுழற்சியும் வேகத்தோடு சேருகிறது. பழைய முறைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வலது பாதத்தில் விரல்களே இல்லாமல் பிறந்த டாம் டெம்ப்ஸி, 1970 நவம்பர் 8ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதற்கென்று செய்த தட்டைமுனைப் பூட்ஸணிந்து 63 கெஜ தூரம் உதைத்து, டெட்ராய்ட் அணியை 19-17 என்று வென்று கொடுத்தார். 51 வருஷம் கழித்து பால்டிமோர் அணியின் ஜஸ்டின் டக்கர் 66 கெஜம் உதைத்து, குறுக்குச் சட்டத்தில் பட்டுத் துள்ளி அப்பால் விழுந்த பந்தால் வென்றதும் அதே டெட்ராய்ட் அணியைத்தான்; புள்ளிகளும் அதே 19-17.

பழைய நாளில் பாதிக்குப் பாதி தவறியது. இன்றோ நூற்றுக்கு எண்பத்தைந்து வாக்கில் கம்பங்களுக்கு நடுவே போய்விடுகிறது. மனிதர்கள் இவ்வளவு தேறிவிட்டார்களே என்று ஜனங்கள் மகிழ வேண்டியிருக்க, நேர்ந்தது அதற்கு மாறாக இருக்கிறது. பாதி தவறிய காலத்தில் தவறுதல் விளையாட்டின் இயல்பாக இருந்தது. தேர்ச்சி கூடக் கூட அது குற்றமாகிவிட்டது. இந்த ஆட்டத்தின் உச்ச மட்டத்தில் அணிகள் முப்பத்திரண்டு, அணிக்கு ஒரு கிக்கர், ஆக அங்கே இந்த உத்தியோகம் முப்பத்திரண்டு பேருக்குத்தான். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் தவறினால் வெளியே வரிசை காத்திருக்கிறது. மூன்று மணி நேர ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை கூப்பிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் வலைக்குள் பந்தை உதைத்துக் காலைச் சூடாக வைத்துக்கொண்டு, யாரும் அருகே வந்து பேசாத தனிமையில் இருக்க வேண்டும். அழைப்பு வந்து, அடியளந்து நின்று, மூச்சைச் சீர்செய்து கொண்டதும், எதிரணிப் பயிற்சியாளர் வேண்டுமென்றே இடைவேளை கேட்டு நிறுத்துவார். அந்த நேரத்தில் மனம் சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

1998ஆம் வருஷத்து ஆட்டப் பருவத்தில் மினசோட்டா அணியின் கேரி ஆண்டர்சன் 35 முறை உதைத்து 35 முறையும் வென்றார். ஒரு புள்ளிக்கான சிறு உதைகள் 59இலும் ஒன்றும் தவறவில்லை. 1999 ஜனவரி 17ஆம் தேதி, காற்றோ மழையோ புகாத கூரைபோட்ட அரங்கத்தில், 38 கெஜத்திலிருந்து உதைத்த பந்து இடப்புறமாக விலகிற்று. அன்று கூடுதல் நேரத்தில் அட்லாண்டா அணிக்காக மார்ட்டன் ஆண்டர்சன் உதைத்து வென்றதும் அதே 38 கெஜத்திலிருந்துதான். அந்த வருஷத்தின் தொண்ணூற்று நாலு வெற்றிகளை இன்று யார் பேசுகிறார்கள்?

அதே மினசோட்டா அணிக்கு 2016 ஜனவரி 10ஆம் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி சென்டிகிரேடைத் தொட்ட குளிரில், திறந்த மைதானத்தில் இன்னொரு சோதனை வந்தது. அணி அன்று எடுத்த ஒன்பது புள்ளிகளும் பிளேர் வால்ஷ் என்ற இளைஞரின் மூன்று உதைகளால் வந்தவை. எதிரணியின் புள்ளிகள் பத்து. அரை நிமிஷத்துக்கும் குறைவாக நேரம் இருக்கையில் 27 கெஜ உதை. கண்ணை மூடிக்கொண்டு உதைக்கலாம் என்பார்கள். ஊன்றிய பந்தின் லேஸ் அவரைப் பார்த்தபடி இருந்தது. பந்து இடப்புறம் போயிற்று. ஹோல்டரைச் சுட்டிக்காட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது; ஆனால் தவறு தம்முடையதே என்று சொன்னாரே தவிர வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வாரத்தில், பிளெய்ன் என்ற ஊரில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தைகள் கோணல்மாணலான எழுத்தில் அவருக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதினார்கள். அவர் அந்த வகுப்பறைக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். பெரியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழந்தைகளின் புத்தி இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி பஃபலோ பெரியவரின் பெருமூச்சுக்கு வருகிறேன். 1991 ஜனவரி 27ஆம் தேதி, டாம்பா நகரில் இறுதிப் பந்தயமான சூப்பர் பவுல். நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ 19. எட்டு விநாடி மிச்சம். அந்நாள்வரை பஃபலோ அணியின் சரித்திரத்திலேயே மிகுதியான புள்ளிகள் சேர்த்திருந்த ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைக்க வந்தார். அவருடைய அணியின் சொந்த மைதானத்தில் செயற்கைப் புல். அன்று அவர் கால் ஊன்றியது இயற்கைப் புல்தரையில். பந்து உயரத்தில் குறைவில்லை, தூரத்திலும் குறைவில்லை. நான் மேலே கணக்கிட்டுச் சொன்ன அந்த நாலு பாகைக்கு வெளியே, வலது கம்பத்துக்கு அப்பால் போய்விட்டது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில், வந்த நிருபர்கள் எல்லாருக்கும் ஒளியாமல் மறையாமல் நின்று பதில் சொன்னார்.

மறுநாள் பஃபலோ நகரமன்றத்துக்கு முன்னால், நயாகரா சதுக்கத்தில், தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்கப் பல்லாயிரம் ஜனங்கள் குளிரில் கூடினார்கள். நார்வுட் சகாக்களுக்குப் பின்னால் தென்படாமல் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் வேறு யாருடைய பேச்சையும் கேட்க மனமில்லாமல், ஸ்காட் வேண்டும் ஸ்காட் வேண்டும் என்று ஒரே குரலாகக் கூவத் தொடங்கியது. முன்னே வந்தவருக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. பிறகு, இவ்வளவு அன்பைத் தாம் ஒருநாளும் உணர்ந்ததில்லை என்று நாத்தழுதழுக்கச் சொன்னார்.

அம்மையாரே, தங்கள் மகளின் வீட்டுச் சொந்தக்காரர் அப்போது நடுவயதினராக இருந்திருப்பார். அன்று அந்தச் சதுக்கத்தில் அவரும் நின்றாரா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.