சுவிட்ச் போர்டு சத்தம் போட்டால் அலட்சியம் வேண்டாம்!



"அயர்ன் பாக்ஸ் சொருகினா போர்டுக்குள்ள கடுகு பொரியற மாதிரி சத்தம் வருது. ஆனா ஃபியூஸ் எதுவும் போகலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். போர்டைக் கையால் ஒரு தட்டு தட்டினால் சத்தம் நின்றுவிடும். அதோடு அதை மறந்தும்விடுவோம். இந்த இதழில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். போர்டில் வரும் சத்தமும் அப்படி ஒரு மணியோசைதான்.

நம்ம வீட்டு போர்டு ஏன் திணறுகிறது?

சேவூரில் பல வீடுகளில் வயரிங் செய்தபோது இருந்தது இரண்டு குண்டு பல்பும் ஒரு ஃபேனும்தான். 2006-ல் இலவச கலர் டி.வி. வந்தது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பிறகு ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், செல்போன் சார்ஜர் என்று வரிசையாகச் சேர்ந்தன. தறி இருக்கும் வீட்டில் தார் சுற்றும் மோட்டாரும், சில இடங்களில் ஜக்கார்டைத் தூக்கும் மோட்டாரும் கூடுதல். சாமான்கள் கூடிக்கொண்டே போயின. ஆனால் பல வீடுகளில் சுவருக்குள் இருக்கும் ஒயரும் போர்டும் அதே பழசுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். நம் வீட்டுக்கு வருவது சுமார் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். தண்ணீர் காய்ச்சும் 1,500 வாட் ஹீட்டர் ராடை அதில் சொருகினால் அப்போதே அளவு மீறிவிடுகிறது.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

* சுவிட்ச் போடும்போது ஒரே ஒரு 'டிக்': இது இயல்பு. பயம் வேண்டாம்.
* 'உம்' என்ற மெல்லிய ரீங்காரம்: பழைய ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், ஸ்டெபிலைசர் இவற்றில் வரும். சூடும் வாடையும் இல்லை என்றால் உடனடி ஆபத்து இல்லை. வயர்மேன் வரும்போது காட்டி மாற்றிக்கொள்ளலாம்.
* எம்.சி.பி. பெட்டியில் 'கிர்ர்': தாங்க முடியாத லோடு இருக்கலாம், இல்லை ஸ்குரு லூசாகியிருக்கலாம். சீக்கிரம் பார்க்க வேண்டும்.
* 'சர்ர்', 'பட் பட்' என்று பொரிகிற சத்தம்: இதுதான் ஆபத்து. அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

சத்தத்தோடு லைட் மினுக்கினால், போர்டில் பழுப்புக் கறை தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கும்போது சுட்டால், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில போர்டுகள் சூடேறும்போது கருவாட்டு வாடை மாதிரி அடிக்கும். அடுப்படியில் கருவாடு இல்லாமலே அந்த வாடை வந்தால் போர்டைப் பாருங்கள்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை?

முக்கியமான விஷயமே இதுதான். பொரிகிற சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் லூஸ் கனெக்‌ஷன். ஸ்குரு தளர்ந்திருக்கும். ஒயர் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அந்தச் சின்ன இடைவெளியை மின்சாரம் தாண்டும்போது பொறி பறக்கிறது. அந்தப் பொறி ஒயர் முனையைக் கருக்குகிறது. கருகின இடம் இன்னும் சூடாகிறது. சூட்டில் விரிந்தும் ஆறும்போது சுருங்கியும் ஸ்குரு மேலும் தளர்கிறது. இப்படியே நாளுக்கு நாள் மோசமாகும். தானாகச் சரியாகவே ஆகாது.

ஃபியூஸும் எம்.சி.பி.யும் மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால்தான் துண்டிக்கும். லூஸ் கனெக்‌ஷனில் ஓடுவது வழக்கமான அளவுதான். ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஆர்.சி.சி.பி., போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். இங்கே முழுசாகத் திரும்பி வந்துவிடுகிறது. அதனால் இரண்டு காவல்காரருக்கும் இந்தத் திருட்டு தெரியாது. தெரிவது நம் காதுக்கும் மூக்குக்கும்தான். "ஃபியூஸ் போகலையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதனால்தான்.

தறி வீட்டில் கூடுதல் கவனம்

நம் வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். ஜக்கார்டு அட்டை, நூல் பொதி, துணி எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. பட்டு பஞ்சு மாதிரி சட்டென்று பற்றாது. ஆனால் அட்டையும் பருத்தி நூலும் பற்றிக்கொள்ளும். வெள்ளியும் செம்பும் சேர்ந்த ஜரிகையில் மின்சாரம் பாயும். அதனால் ஜரிகைத் துண்டுகள் போர்டு பக்கமோ பிளக் பக்கமோ போகவே கூடாது. தறியில் இருக்கும் பாவு பெரும்பாலும் மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்தது. அது கருகினால் மாதக் கணக்கில் போட்ட உழைப்பும் போகும், கடனும் ஏறும்.

உடனே செய்ய வேண்டியவை

1. ஈரக் கையோடு போகாதீர்கள். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.
2. சத்தம் வரும் போர்டைத் தொடாமல் நேராக மெயினை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் மெயின் போனாலும் போர்டில் கரண்ட் இருக்கும்.
3. பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் பார்க்கும்வரை அந்த போர்டைப் பயன்படுத்தக் கூடாது.
4. மெயின் பெட்டியிலோ மீட்டரிலோ சத்தம் வந்தால் கிட்டே போகாதீர்கள். மீட்டர் மின்வாரியத்தின் பொறுப்பு. 2021-ல் தொடங்கிய மின்னகம் சேவை எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம்.
5. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை ஆஃப் செய்ய முடிந்தால் செய்துவிட்டு, காய்ந்த மணலைப் போடுங்கள். தீ பெரிதாக இருந்தால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.
6. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 108.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போர்டு பொரியும் நேரத்தில் வீட்டில் இருப்பது நாம்தான். மெயின் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் இன்றைக்கே காட்டிக்கொடுங்கள்.

வயர்மேன் வந்தால்

தகுதிச் சான்று பெற்றவரைக் கூப்பிடுங்கள். கருகின முனையின் மேல் டேப் சுற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருகின பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புது முனையை ஸ்குருவில் இறுக்க வேண்டும். சூடு பட்ட சுவிட்சையும் சாக்கெட்டையும் மாற்ற வேண்டும். போர்டிலுள்ள மற்ற ஸ்குருக்களையும், குறிப்பாக நியூட்ரல் இணைப்பையும் இறுக்கச் சொல்லுங்கள். பழைய அலுமினிய ஒயரும் செம்பு ஒயரும் முறுக்கிச் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சேர்க்கை சீக்கிரம் தளரும், சூடாகும். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தை அது தடுக்காது, ஆனால் ஷாக்கில் உயிரைக் காப்பாற்றும்.

இவற்றைச் செய்யவே கூடாது

* பிளக் லூசாக இருக்கிறதென்று தீக்குச்சியோ காகிதமோ சொருகுவது.
* பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சொருகுவது.
* ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டுவது.
* ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் எல்லாம் போடுவது.
* மழைக்காலத்தில் சுவர் ஊறியிருக்கும்போது அந்த போர்டைப் பயன்படுத்துவது.

குழுவாகச் செய்யலாமே!

ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் வயர்மேன் வரத் தயங்கலாம். பத்து வீட்டுக்கு ஒரே நாளில் என்றால் வருவார், கூலியும் குறையும். ஐப்பசி மழைக்கு முன்னால் குழுவாகச் சேர்ந்து ஒரு நாள் குறியுங்கள். செலவுக்குக் கையில் பணம் இல்லாத உறுப்பினருக்குக் குழுவின் உள்கடனிலிருந்து கொடுக்கலாம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர் தனியாகச் சொன்னால் வீட்டு உரிமையாளர் தள்ளிப்போடலாம். குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போய்ப் பேசினால் காது கொடுப்பார்.

அடுத்த கூட்டத்தில் ஆஜர் எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள்: உங்கள் வீட்டு போர்டு சத்தம் போடுகிறதா? மெயினை அணைக்க உங்களுக்குத் தெரியுமா? மின்னகம் எண் சுவரில் எழுதியிருக்கிறதா? பதில் சொல்ல முடியாத வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.