பாவுக் கணக்கும் மாதக் கணக்கும்

சங்கத்தின் நாள்வழியையும் பேரேட்டையும் பரிசோதிக்க வருகிறவன், அங்கத்தினர் வீட்டு அடுப்பங்கரைக் கணக்கைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், வீட்டில் கடன் ஏறிய அங்கத்தினர் சங்கத்துக்கும் ஒழுங்காக வர இயலாது. சங்கத்து நூலை வைத்துக்கொண்டு வெளியாருக்கு நெய்ததாக வரும் புகார்களில் பலவற்றை விசாரித்துச் சென்றால், முடிவில் ஒரு தண்டல்காரர் வாசலில் நிற்பதைக் காணலாம். ஆகவே இது என் அலுவலுக்குப் புறம்பான விஷயம் அன்று.

முதலில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் காஞ்சிபுரம் பகுதியில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேசி, "மாத வரவு செலவுத் திட்டம்" என்னும் அச்சடித்த படிவத்தை எல்லோருக்கும் வழங்கினேன். நான் மாதச் சம்பளக்காரன். என் வீட்டிலும் ஒரே சம்பளந்தான். அந்தப் படிவம் எனக்குப் பொருந்தியது. மறு வருஷம் விசாரித்தபோது ஒருவர்கூட அதை நிரப்பியிருக்கவில்லை. காரணம் கேட்டேன். ஓர் அங்கத்தினரின் மனைவி, "எங்களுக்கு மாதம் ஏது சார்? பாவுதானே!" என்றார். நான் பட்டப்படிப்பில் கற்ற கணக்கியலில் இவ்விஷயம் இடம்பெறவில்லை.

சென்ற சித்திரையில் அதே அம்மையார் தம் கணவருடன் சங்க அலுவலகத்துக்கு வந்தார். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு அனுப்புவதா என்பது கேள்வி. "நம் வரும்படிக்குக் கல்லூரி கட்டுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கூலிப் பற்று விவரங்களை எடுத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். அன்று கண்ட விவரங்களை அவர்கள் இசைவோடு இங்கே தருகிறேன். கூலி ஊருக்கு ஊர், ரகத்துக்கு ரகம் வேறுபடும். அங்கத்தினர்கள் தத்தம் தொகையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுடையது ஒரு தறி. கோர்வைச் சேலை ரகம். கோர்வைக்குத் தறியில் இருவர் வேண்டும் என்பதை அறிவீர்கள். அந்த அம்மையார் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளுவதோடு தாரும் சுற்றுகிறார். உழைப்பு இருவருடையது, வருமானம் ஒன்று. பாவுக்கு மூன்று சேலை. பிடித்தங்கள் போகச் சேலைக்கு 6,000 ரூபாய் கைக்கு வருகிறது, பாவுக்கு 18,000. "மாத வருமானம் என்ன?" என்று கேட்டபோது கணவர் தயங்காமல் பதினெட்டாயிரம் என்றார்.

பிழை இங்கேதான் இருந்தது. ஒரு சேலை நெய்து இறக்கப் பன்னிரண்டு நாள். மூன்று சேலைக்கு முப்பத்தாறு. பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைத்துத் தறியை ஓட்டத்துக்குக் கொண்டுவர நான்கு நாள். ஆக, பாவு என்பது நாற்பது நாள். அவ்வாறு பார்த்தாலும் வருஷத்துக்கு ஒன்பது பாவு இறங்க வேண்டும். சங்கப் பதிவேட்டில் இருந்தவை எட்டே. மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறிய நாட்கள், நூல் வரக் காத்திருந்த நாட்கள், காய்ச்சலில் கிடந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுப் பாவை விழுங்கிவிட்டன. எட்டுப் பாவுக்கு 1,44,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,000. பதினெட்டாயிரம் என்று எண்ணிப் பன்னிரண்டாயிரத்தில் வாழ்ந்த குடும்பம் அது. கணவர் வெகு நேரம் பேசவில்லை.

செலவை அம்மையார் சொல்லச் சொல்ல எழுதினேன். 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைத்து வந்தமையால் அரிசிச் செலவு சிறிது. காய்கறி, பால், எண்ணெய், எரிவாயு, மருந்து, கைபேசி, தேநீர்க் கடை, வட்டி எல்லாம் சேர்ந்து மாதம் 11,000. அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு தடவை வருபவை: பள்ளி திறக்கும் காலத்துச் செலவு 12,000, தீபாவளி 9,000, மொய், சீர் வகையில் 9,000, ஓடு மாற்றுதல் போன்ற எதிர்பாராத செலவு 6,000. மொத்தம் 36,000. இவை "திடீர்ச் செலவு" என்று அவர்கள் கூறினார்கள். தீபாவளி எவ்வாறு திடீரென்று வரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் வீட்டிலும் அது அவ்வாறே வருகிறது. இரண்டையும் கூட்டினால் வருஷச் செலவு 1,68,000. துண்டு விழுவது 24,000. அந்தத் துண்டே நகை அடகாகவும் தண்டலாகவும் வளர்ந்து நின்றது.

தண்டலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பத்தாயிரம் கடன் என்று பெயர். கைக்கு வருவது ஒன்பதாயிரம். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரந்தானே, நூற்றுக்குப் பத்துத்தானே" என்று நினைக்கிறோம். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாக நம் கையில் இருக்கும் தொகை ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி எனில், வருஷக் கணக்கில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டுகிறது. கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றில் அளவு மீறிய வட்டி வாங்குதலைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. வட்டியினும் கொடியது வேறொன்று உண்டு: நெசவாளருக்குக் கூலி தினம் வருவதில்லை, தண்டல் தவணை தினம் வருகிறது. சேலை இறங்காத நாளில் நூறு ரூபாய்க்கு அவர் வேறொரு கைமாற்றைத் தேட வேண்டும்.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டோம். எட்டுப் பாவுக்கு இருபத்து நான்கு சேலை. வருஷத்து 365 நாளை இருபத்து நான்கால் வகுத்தால் பதினைந்து நாள். அதாவது பன்னிரண்டு நாளில் நெய்யும் சேலை, பதினைந்து நாள் சோறு போட வேண்டும். வருஷச் செலவு 36,000-ஐச் சேலைகளுக்குப் பங்கிட்டால் சேலைக்கு 1,500. கூலி வந்த அன்றே அதைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சம் 4,500. நாளொன்றுக்கு 300 ரூபாய். அவர்கள் செலவிட்டது ஏறக்குறைய 365. அந்த வேகத்தில் 4,500 ரூபாய் பன்னிரண்டே நாளில் தீர்ந்துவிடும். எஞ்சிய மூன்று நாளில்தான் தண்டல்காரர் வீட்டுக்குள் வந்தார் என்பதை அம்மையாரே விரலை மடக்கிச் சொன்னார். படிவம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நாளுக்கு அறுபத்தைந்து ரூபாயைக் குறைப்பது எளிதன்று. அதை வயிற்றில் குறைக்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்; குறைத்தால் மருத்துவச் செலவாகத் திரும்பும். முதலில் வட்டியைத்தான் பார்த்தோம். நாற்பதாயிரத்துக்கு நகை, தனியாரிடம் நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டியில் இருந்தது, மாதம் 800. கூட்டுறவுக் கடன் சங்கத்து நகைக்கடனில் அது ஏறக்குறையப் பாதி. நகையை மீட்க அம்மையாரின் தமையனார் ஒரு நாள் கைமாற்றுக் கொடுத்தார். காலையில் மீட்டு, மாலைக்குள் கடன் சங்கத்தில் வைத்தார்கள். தண்டல் நின்றால் மாதம் சுமார் 250 மிச்சம். அடுத்தது மளிகைக் கடை நோட்டு. நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, எடையும் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ல் கூட்டுறவுக் கடை தொடங்கிய இருபத்தெட்டுப் பேரில் நெசவாளர் பலர் இருந்தனர். கடனுக்கு விற்பதில்லை என்று அவர்கள் விதி செய்துகொண்டதன் நியாயம், நம் கடைத்தெரு நோட்டுகளைப் பார்த்த பிறகே எனக்கு நன்கு விளங்கிற்று. கைக்காசுக்கு வாங்கியதில் மாதம் ஐந்நூறு வரை மீந்ததாக அம்மையார் பின்னர்த் தெரிவித்தார். தேநீர்க் கடையைப் பற்றிக் கணவரும் மனைவியும் தமக்குள் பேசிக்கொண்டார்கள், நான் குறுக்கிடவில்லை. இவ்வளவு செய்தும் மாதம் நானூறு ரூபாய் அளவில் இன்னும் துண்டு விழுகிறது. நகை முழுதும் மீளும் வரை அது இருக்கும்.

போனஸ், உதவித் தொகை முதலியவற்றை நாட்செலவில் சேர்க்கவே கூடாது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அத்தொகை கிடைத்தால் மகளின் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகட்டும், கணக்கில் இப்பொழுது எழுத வேண்டாம் என்றேன். கூலியில் பிடிக்கப்படும் சேமிப்புத் தொகையும் அவ்வாறே. அதை மறந்திருப்பதுதான் அதற்கு நல்லது.

விவசாய அங்கத்தினருக்கும் வழி இதுவே. அறுவடை வருஷத்துக்கு ஒன்றா, இரண்டா என்று பார்த்து, அடுத்த அறுவடை வரை உள்ள நாட்களால் நிகர வரவை வகுக்க வேண்டும். பயிர்க்கடன் தவணையை வகுப்பதற்கு முன்பே கழித்துவிட வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் பணம் நாட்செலவுக்கு உதவும். அதனால்தான் அவர்கள் வீட்டில் தண்டல் குறைவாக இருக்கிறதோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

மகளை எங்கே அனுப்புவது என்று நான் சொல்லவில்லை. அது தணிக்கைக்குரிய விஷயம் அன்று. தொழிற்சாலைச் சம்பளம் வந்தால் அன்றைக்கே துண்டு அடைபடும் என்பதை மட்டும் மறைக்காமல் கூறினேன். கணவர் மனைவியைப் பார்த்தார். "அவள் படிக்கட்டும். நாம் முந்நூறில் இருந்து பார்ப்போம்" என்றார் அம்மையார்.

சித்திரை நடுவிலிருந்து ஜூன் முடிய ஐந்து சேலை இறங்கின. சேமிப்புக் கணக்கில் சேர்ந்த 7,500 ரூபாயில், அரசுக் கல்லூரியில் மகளைச் சேர்க்கும் செலவு முடிந்தது. மகனுடைய பள்ளிச் செலவுக்குப் பணம் போதவில்லை. தமையனாரிடமே மறுபடியும் வாங்கினார்கள். தீபாவளி போனஸில் பழைய தண்டல் தீர்ந்தது. ஐப்பசி மழையில் பதினோரு நாள் தறி ஓடவில்லை. தைமாதத்தில் நான் சென்றபோது தறிக்காலில் கட்டியிருந்த நோட்டைக் காட்டினார்கள். அந்தப் பதினோரு நாளும் முந்நூறு, இருநூற்று எண்பது, முந்நூறு என்று எழுதியிருந்தது. சேமிப்பிலிருந்து 2,000 எடுத்ததும், அடுத்த இரண்டு சேலையில் அதைத் திரும்பக் கட்டியதும் சிவப்பு மையில் இருந்தன. கையெழுத்து மகளுடையது, அவள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள்.