செலவு முன்னால், பணம் பின்னால்

அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரிப் படியேறுவது 'பெல் கிராண்ட்' என்ற மத்திய அரசு உதவித்தொகையை நம்பித்தான். ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்டத் தேவையில்லை. இவர்களில் பலர் ஒரு செமஸ்டர் ஸ்பெயினிலோ ஜப்பானிலோ படிக்கும் ஆசையைக் கேட்டுப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் கதவை அடைக்கவில்லை. வெளிநாட்டில் படிப்பதைச் சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டு பட்டத்துக்கு கிரெடிட் கொடுத்தால் போதும், பெல் கிராண்டும் அரசுக் கல்விக் கடனும் கூடவே வரும். விமானக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்கும்படி நிதியுதவி அலுவலகத்தில் கேட்கலாம். அப்படிச் சேர்த்தாலும் பெல் தொகை உச்சவரம்பைத் தாண்டாது. பெரும்பாலும் கடன் வாங்கும் தகுதிதான் கூடும். கல்லூரி தன் கையிலிருந்து தரும் உதவி எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

உண்மையான இடி வேறிடத்தில் இருக்கிறது. உதவித்தொகை கைக்கு வருவது செமஸ்டர் தொடங்கும் சமயத்தில். செலவு அதுவரை காத்திருக்குமா? இடத்தை உறுதிசெய்ய முன்பணம், முதல் பாஸ்போர்ட்டுக்கு 165 டாலர், விசா, டிக்கெட் எல்லாம் சில மாதங்களுக்கு முன்பே வரிசைகட்டி நிற்கும். சில நாடுகளின் விசாவுக்கு வங்கியில் இருப்பும் காட்ட வேண்டும். அப்பாவின் கிரெடிட் கார்டு உள்ள பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இல்லாத பிள்ளை, உதவிக்கு முழுத் தகுதி இருந்தும், இங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு செலவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நூலகத்திலோ கேன்டீனிலோ பகுதிநேரம் வேலை பார்த்துக் கைச்செலவைச் சமாளிக்கும் மாணவிக்கு, வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் அந்தச் சம்பளம் கிடையாது. பல மாணவர் விசாக்கள் வேலை பார்க்க அனுமதிப்பதில்லை. வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்புகிறவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்றே 2000-இல் இயற்றிய சட்டத்தால் வந்தது கில்மன் உதவித்தொகை. நியூயார்க்கின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் கில்மனின் பெயரைத் தாங்கியது. பெல் பெறும் அமெரிக்கக் குடிமக்களுக்கு வெளியுறவுத் துறை 5,000 டாலர் வரை தருகிறது. அரபி, சீனம் போன்ற மொழிகளைப் படிப்பவர்களுக்கு மேலும் 3,000 வரை கிடைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. இரு கல்லூரிகள் மாணவர்களை மாற்றிக்கொள்ளும் நேரடிப் பரிமாற்றத் திட்டம் என்றால், வழக்கமான கல்லூரிக் கட்டணத்தையே கட்டிவிட்டு வெளிநாட்டில் படிக்கலாம். கையைக் கடிக்காத வழி பெரும்பாலும் அதுதான்.

கல்லூரிகள் மனம் வைத்தால், வரப்போகும் உதவித்தொகையை நம்பி டிக்கெட்டுக்கு முன்கூட்டியே ஒரு தொகை கொடுக்கலாம், முன்பணக் கெடுவைத் தள்ளியும் வைக்கலாம். புதிதாக ஒரு டாலர்கூட ஒதுக்காமல் செய்யக்கூடிய காரியங்கள் இவை. நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மாணவர்கள் நிதியுதவி அலுவலகத்தில் இதைத்தான் கேட்க வேண்டும்: பணம் எந்தத் தேதியில் வரும், அதுவரை யார் தாங்குவது?