தகரத்தில் உறையும் தயிர்: வண்டியின் முதற்பூச்சு எப்படி இயங்குகிறது?

பனிச்சங்கேணியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவே திருகோணமலை வீதியால் போய்வரும் வண்டியெல்லாம் உப்புக் காற்றில் குளிக்கிறது. கராஜில் வெட்டி ஒட்டிய தகரத்துக்கு என்னதான் பெயின்ற் அடித்தாலும் மாரி முடிவதற்குள் கொப்பளித்துக் கறள் கட்டிவிடும். ஆனால் மோட்டார் சைக்கிளின் பிறேம், கம்பனியிலிருந்து வந்தபடியே வருடக்கணக்காக நிற்கிறது. இரண்டும் இரும்புதான். நிறத்துக்கு அடியில் இருக்கும் முதற்பூச்சுத்தான் வேறு.

அந்தப் பூச்சைத் தூரிகையால் பூசுவதில்லை, விசிறி அடிப்பதுமில்லை. தண்ணீர்த் தொட்டியில் இரும்பை அமிழ்த்திக் கரண்ட் கொடுத்து, இரும்பின் மேல் உறைய வைக்கிறார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இதை விளக்குவது சுலபம்.

முதலில் பாலைப் பார்ப்போம். பாலில் உள்ள புரதம் மிகச் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையிலும் மறை மின்னேற்றம் இருக்கிறது. ஒரே ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் அவை ஒட்டிக்கொள்வதில்லை. உறை போட்டதும் லக்டிக் அமிலம் உண்டாகி அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் உருண்டைகள் சேர்ந்து, பால் தயிராகிறது.

இனித் தொட்டிக்கு வருவோம். அதில் பெரும்பங்கு தண்ணீர். அதற்குள் எப்பொக்சிப் பிசினும் நிறப்பொடியும் பால்போலக் கலந்து கிடக்கின்றன. எப்பொக்சி இரும்பை இறுகப் பற்றும். ஆனால் தண்ணீரோடு சேராது. எனவே அதைக் கொஞ்சம் மாற்றி அமைக்கிறார்கள். எப்பொக்சி மூலக்கூறின் நுனிகளில் இறுக்கமாக மடங்கிய சிறு வளையங்கள் உண்டு. அமீன் என்ற பொருளைச் சேர்த்தால் வளையம் திறந்து அமீனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்லிய அமிலம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அமீன் அதிலிருந்து நேர் மின்னேற்றம் பெறுகிறது. பிசின் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் மிதக்கின்றன. இந்த வேலைக்குப் பயன்படும் அமிலங்களில் தயிரில் உள்ள அதே லக்டிக் அமிலமும் ஒன்று. பாலைத் திரளவைக்கும் அமிலம் இங்கே பிசினைத் திரளாமல் காக்கிறது. ஏற்றம் மாறியதால் வேலையும் தலைகீழாகிவிட்டது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

தொட்டியில் இறங்குமுன் இரும்பு ஆயத்தமாக வேண்டும். மீனைக் கழுவி, கீறி வைத்தால்தானே தூள் பிடிக்கும்? அப்படியே இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் கழுவுகிறார்கள். பிறகு நாகப் பொஸ்பேற்றுக் கரைசலில் நனைக்க, நுண்ணிய பளிங்குகள் படிந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிறது.

அடுத்து, இரும்பை மறை முனையில் இணைத்துத் தொட்டிக்குள் இறக்கி, சில நூறு வோல்ற் அழுத்தம் கொடுக்கிறார்கள். நேர் ஏற்றத் துளிகள் இரும்பை நோக்கி நகர்கின்றன. அதே நேரம் இரும்பை ஒட்டிய தண்ணீர் பிரிந்து ஐதரசன் குமிழ்கள் கிளம்புகின்றன. அந்த மெல்லிய படையில் மட்டும் காரத்தன்மை ஏறுகிறது. காரம் துளிகளின் ஏற்றத்தைப் பறிக்கிறது. உடனே பிசின் இரும்பின் மேலேயே தயிராக உறைகிறது. மற்றத் தண்ணீர் முழுவதும் பால்போல அப்படியே இருக்கும்.

உறைந்த இடம் கரண்டைத் தடுக்கும். எனவே கரண்ட் இன்னும் பூச்சுப் படாத இடத்தைத் தேடிப் போகிறது: குழாயின் உட்புறம், கதவின் மடிப்பு, ஒட்டின் பின்பக்கம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூலைமுடுக்கெல்லாம் சுமார் 20 மைக்ரோன் கனத்தில் பூச்சு ஏறிவிடும். கார்க் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய விட்ட துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தூரிகை எட்டாத அந்த இருட்டிலும் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சுத் தெரியும்.

பிறகு ஒட்டாத பிசினைக் கழுவித் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியாகச் சூளை. அங்கே சுமார் 160 முதல் 180 பாகை செல்சியசில் பூச்சு வேகிறது. பிசினோடு கலந்து வைத்த ஐசோசயனேற்று என்ற இணைப்பான், அதுவரை மூடி போட்டபடி சும்மா இருக்கும். சூட்டில் மூடி கழன்றதும் பிசின் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். அதற்குப்பின் அது உருகாது, தண்ணீரில் கரையாது.

ஃபோர்ட் கம்பனியில் ஜோர்ஜ் புரூவர் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தபோது, இரும்பை நேர் முனையில்தான் இணைத்தார்கள். அதில் ஒரு குறை இருந்தது: நேர் முனையில் இரும்பு கொஞ்சம் கரைந்து பூச்சுக்குள் கலந்துவிடும். 1970களில் முனையை மாற்றி, அமீன் சேர்த்த எப்பொக்சியைக் கொண்டுவந்த பிறகுதான் காரின் உடல் கறளுக்கு நன்றாகத் தாக்குப்பிடித்தது. கறள் பிடிக்கும் இடத்தின் ஓரத்தில் காரம் உண்டாகும். சாதாரண எண்ணெய்ப் பெயின்ற் அதில் சவர்க்காரம்போலக் கரைந்து உரிந்துவிடும். எப்பொக்சியின் இணைப்புகளைக் காரம் லேசில் உடைக்காது. உப்புக் காற்று ஊருக்கு இதைவிட ஏற்ற குணம் வேறில்லை.

ஆனால் எப்பொக்சிக்கு வெயில் ஆகாது. மேற்பூச்சு இல்லாவிட்டால் வெளுத்து மாவாகும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாவித் தண்ணீரில் இறக்கிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். திருத்த வேலையில் காரணமில்லாமல் கம்பனிப் பூச்சைக் கிறைண்டர் போட்டு உரிக்க விடாதீர்கள். கராஜில் அதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. ஒட்டுப் போட்டே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தைச் சுத்தமாக உரசி, நாகப் பொஸ்பேற்றுச் சேர்ந்த இரட்டை ரின் எப்பொக்சி அடிப்பூச்சை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். நிறம் அதற்குப் பிறகு.