சக்கரத்தைத் தராசில் ஏற்றுங்கள்

கார்ப் பித்தர்களிடையே ஒரு கணக்கு வெகுநாளாகப் புழங்குகிறது. சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால், வண்டியின் உடம்பில் பத்துக் கிலோ குறைத்ததற்குச் சமமாம். சிலர் நான்கு என்பார்கள். உற்சாகம் கூடினால் பதினைந்து வரைக்கும் போவார்கள். அலாய் வீல் விற்கிறவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு வசதி என்று சொல்லவே வேண்டாம். கணக்கு தப்பு. ஆனால், எடை குறைந்த சக்கரம் வாங்குவது தப்பில்லை. அதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

இதைப் பேசுவதற்கு மஸ்டா எம்எக்ஸ்-5 தோதான கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வந்து நின்றது. இரண்டே இருக்கை, மடக்கி வைக்கிற துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கரங்களுக்குப் போகும் விசை. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். எஞ்சின் தரும் சக்தி 120 குதிரைகளைத் தாண்டாது. எடையும் 950 கிலோவை ஒட்டித்தான். நேர்ச்சாலையில் யாரையும் விரட்டிப் பிடிக்கிற கார் அல்ல இது. மலைப்பாதை வளைவுகளில்தான் அதன் ருசி தெரியும். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. முதல் தலைமுறைக் கார்களை இன்றும் பார்த்துப் பார்த்து வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் சக்கரத்தில்தான்.

அந்தக் கார்களில் அலாய் சக்கரத்தோடு வந்தவற்றுக்கு மஸ்டா கொடுத்தது 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்ட சக்கரம். ஏழு ஆரக்கால். 1960களில் மினி கார்களில் பிரபலமாக இருந்த மினிலைட் என்ற பிரிட்டிஷ் சக்கரத்தின் சாயலில் செய்தது. எடை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிக்கடையில் வாங்குகிற அலாய் வீல் என்றாலே கம்பெனிச் சக்கரத்தைவிட லேசாக இருக்கும் என்று ஓர் எண்ணம். 15 அங்குலத்தில் ஏழு அங்குல அகலத்துக்கு மலிவாகக் கிடைக்கும் வார்ப்புச் சக்கரம் ஏழு, ஏழரைக் கிலோ இருப்பது சர்வசாதாரணம். பணமும் கொடுத்து எடையையும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது கணக்குக்கு வருவோம். உருளும் சக்கரத்துக்கு இரண்டு வேலை. காரோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். எஞ்சின் இரண்டுக்கும் சக்தி கொடுத்தாக வேண்டும். ஒரு வளையத்தின் எடை முழுவதும் தரையைத் தொடும் விளிம்பிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், சுற்றுவதற்கு ஆகும் சக்தி, முன்னே போவதற்கு ஆகும் சக்திக்குச் சரியாகச் சமம். அதாவது அந்த விளிம்பில் உள்ள ஒரு கிலோ இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். அதுதான் உச்சவரம்பு, அதைத் தாண்ட இயற்பியலில் வழி கிடையாது. பத்தும் பதினைந்தும் எங்கிருந்து வந்தன என்று கேட்கக் கூடாது.

சக்கரத்தின் உலோகமோ அந்த விளிம்பில்கூட இல்லை. 15 அங்குல ரிம் மையத்திலிருந்து 19 செ.மீ. தொலைவில் முடிந்துவிடுகிறது. அதன்மேல் மாட்டிய டயரின் வெளி விளிம்பு 28.8 செ.மீ. தொலைவில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பார்த்தால் 0.44 வரும். ஆக, ரிம்மில் குறையும் ஒரு கிலோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை 1.4 கிலோவுக்குச் சமம். ஆரக்காலில் குறைந்தால் அதைவிடக் கம்மி. ஏழரைக் கிலோ சக்கரத்துக்குப் பதிலாக நாலரைக் கிலோ சக்கரத்தை நான்கு மூலையிலும் மாட்டினால் மிச்சம் 12 கிலோ. அது 17 கிலோவாக வேலை செய்யும். ஓட்டுநரோடு ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டுகிற காரில் இது 1.7 சதவீதம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட ஒன்பது விநாடி ஆகும் என்றால், மிச்சமாவது விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் எதற்கு இந்தச் செலவு? ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால். காரின் உடம்பு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயர், ரிம், பிரேக் டிஸ்க், ஹப் ஆகியவையும் சஸ்பென்ஷன் கைகளில் ஒரு பங்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகின்றன. இத்தனை சின்னக் காரில் ஒரு மூலைக்கு இது சுமார் 30 கிலோ. மேடு ஒன்றில் ஏறி இறங்கும்போது மேலே எழும்பும் இந்த எடையை மறுபடி கீழே அழுத்திச் சாலையோடு ஒட்ட வைக்க வேண்டியது ஸ்பிரிங்கின் வேலை. அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. கார் உடம்பு விநாடிக்கு ஒன்றிரண்டு முறைதான் ஆடும். சக்கரமோ பத்துப் பதினைந்து முறை துடிக்கும். அந்தத் துடிப்பில் டயர் தரையை விட்டு மயிரிழை எழும்பினாலும் அந்த நொடிக்குப் பிடிமானம் இல்லை. வளைவின் நடுவில் ரோடு சொரசொரப்பாக இருந்தால் கார் பக்கவாட்டில் தத்தித் தத்தி நகர்வதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அதே மூன்று கிலோவை இங்கே வைத்துப் பாருங்கள். முடுக்கத்தில் 1.7 சதவீதமாகக் கரைந்துபோனது, இங்கே 30 கிலோவில் பத்தில் ஒரு பங்கு. கார் சிறியதாக, மேலே உள்ள எடை குறைவாக இருக்க இருக்க இந்தப் பங்கின் செல்வாக்கு கூடும். இரண்டு டன் காரில் யாரும் கவனிக்காத வித்தியாசம், எம்எக்ஸ்-5இல் ஸ்டியரிங் வழியாகவே கைக்குத் தெரிந்துவிடும். லேசான சக்கரத்தை விளம்பரப்படுத்துகிறவர்கள் வேகத்தைச் சொல்வதைவிட்டு இதைச் சொன்னால் பொய் சொல்லாமலே விற்கலாம்.

எடையை எப்படிக் குறைக்கிறார்கள்? மூன்று வழி. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்ப்பது முதலாவது, மலிவானது. ஏழு சதவீத அளவுக்குச் சிலிக்கான் கலந்த அலுமினியம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக ஓடும். ஆனால், உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் தங்கிவிடலாம். அதற்காகச் சுவரைத் தடிமனாக வைக்க வேண்டியிருக்கிறது; எடை ஏறுகிறது. இரண்டாவது வழியில், வார்த்த சக்கரத்தைச் சூடாக்கிச் சுழல விட்டு, ரிம்மின் பகுதியை மட்டும் உருளைகளால் அழுத்தி நீட்டுகிறார்கள். சப்பாத்தி இடுகிற மாதிரிதான். உலோகம் மெலிந்தாலும் இறுகிவிடுகிறது. ஜப்பானின் என்கை நிறுவனத்துக்கு இதில் பெயர் அதிகம். ஃபார்முலா 1இல் மெக்லாரன் அணிக்குச் சக்கரம் கொடுத்த அனுபவமும் அதற்கு உண்டு. அதன் ஆர்பிஎஃப்1 என்ற மாடல் எம்எக்ஸ்-5 ஓட்டுகிறவர்களிடையே வெகு பிரபலம். 15க்கு 7 அளவில் நாலரைக் கிலோவை ஒட்டி நிற்கிறது.

மூன்றாவது, திடமான அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவது. ரேஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஆறு ஆரக்கால் சக்கரமான வோல்க் ரேசிங் டிஇ37 இந்த வகை. பெயரில் உள்ள 37, அதன் 15 அங்குலச் சக்கரம் 3.7 கிலோ இருந்ததைக் குறிக்கிறது. பெயரிலேயே எடையை எழுதிக்கொண்ட சக்கரம். பெயர் பெற்றுவிட்டதால் போலிகளும் ஏராளம். தோற்றம் அச்சு அசல், எடை மட்டும் வராது.

அழுத்தி உருவாக்கிய சக்கரம் வளைந்து கொடுக்காது, விறைப்பாக இருக்கும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. எந்த வழியில் செய்தாலும் அலுமினியத்தின் விறைப்பு ஒன்றுதான். கூடுவது வலிமை, எவ்வளவு அடி தாங்கும் என்பது. வலிமை கூடுவதால் மெல்லியதாகச் செய்ய முடிகிறது. பெரிய பள்ளத்தில் விழுந்தால் அழுத்தி உருவாக்கியது பெரும்பாலும் நெளியும். மலிவு வார்ப்போ விரிசல் விடும். நெளிந்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம். விரிசல் ஆரக்காலின் பின்பக்கம் ஒளிந்திருக்கும்.

கடைக்குப் போனால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் சக்கரத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். விஷயமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. 15×7ஜே என்று அச்சிட்டிருக்கும். ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவம். பக்கத்திலேயே தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமை இருக்கும். ஜேடபிள்யூஎல் முத்திரை இருந்தால், ஜப்பானிய அரசின் தரத்துக்கு ஏற்பச் செய்ததாகத் தயாரிப்பாளர் சொல்கிறார் என்று பொருள். கூடவே விஐஏ முத்திரையும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று அதைச் சரிபார்த்திருக்கிறது. வளைத்துச் சுழற்றும் சோதனை, உருளையின் மேல் ஓட்டும் சோதனை, 13 பாகை சாய்த்து வைத்து எடையைப் போடும் சோதனை ஆகியவை அதில் அடங்கும். எந்த முத்திரையும் இல்லாமல் எடை மட்டும் அதிசயமாகக் குறைந்திருக்கும் சக்கரத்தைத் தொடாதீர்கள்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். பழைய 185/60ஆர்14 டயரின் வெளிவிட்டம் 578 மி.மீ.; 195/50ஆர்15 போட்டால் 576. வேகமானி ஏமாறாது, கியர் விகிதமும் கெடாது. 205/45ஆர்16க்குப் போனால் 591 ஆகிவிடும். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அதுவே பாரம். 17 அங்குலம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஆஃப்செட். ஹப்பில் ஒட்டும் முகம், சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு இது. மஸ்டா கொடுத்தது 45 மி.மீ. ஏழு அங்குல அகலச் சக்கரத்தை 35 ஆஃப்செட்டில் மாட்டினால், வெளி விளிம்பு பழையதைவிட 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். காரின் சக்கரக் கூண்டுக்குள் அது அடங்கும். இன்னும் வெளியே தள்ளினால் மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் பாரம் கூடும்.

துளைக் கணக்கில் ஒரு பொறி உண்டு. எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக்கு 100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை. பழைய ஹோண்டாக்கள் பலவற்றுக்கும் அதே கணக்குதான், திருகும் அதே அளவுதான். அதனால் ஹோண்டா சக்கரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஆனால் ஹோண்டாவின் நடுத்துளை 56.1 மி.மீ., மஸ்டாவின் ஹப் 54.1. இரண்டு மி.மீ. இடைவெளிக்குத் தகுந்த வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். அதைவிட ஆபத்து நட்டில் இருக்கிறது. ஹோண்டா நட்டின் அடி உருண்டை. மஸ்டாவுடையது 60 பாகைக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டு முடுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும். ஒரு கோடு அளவில்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாம் தலைமுறையில் ஐந்து நட்டுக்குப் போன மஸ்டா, 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் எடை குறைக்க மறுபடி நான்குக்கே இறங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், சக்கரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நல்ல டயர் வாங்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்குள் எடை வித்தியாசம் ஒரு கிலோவைத் தாண்டுவதுண்டு. அந்த எடையில் பெரும்பங்கு வெளி விளிம்பில் இருப்பதால் ரிம்மில் குறைப்பதைவிடப் பலன் அதிகம். விலை பேசுவதற்கு முன்னால் தராசு ஒன்று கேளுங்கள். காரில் இருக்கிற சக்கரத்தையும் கழற்றி அதே தராசில் வையுங்கள். மாட்டிய பிறகு 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச் வைத்து நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். எம்எக்ஸ்-5க்கு மஸ்டா சொல்லும் அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.